சிமெண்டிலே ஒரு காவடி!

கொடைக்கானலிலே ஒரு கூட்டம். மாலை ஆறு மணிக்குத் தொடக்கம் என்று சுவரொட்டி சொன்னது. மலையிலே பெய்த மழை அதை ஏழரை மணி என்று திருத்தி அமைத்தது. இடையிலே கிடைத்த பொழுதை என்ன செய்வது? கோடை விழாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏரியைச் சுற்றினார்கள், நானும் சுற்றினேன். பெருந்தூறல் பிடித்ததும் வழியிலிருந்த ஒரு மண்டபத்திலே ஒதுங்கினேன். ஒதுங்கிய இடத்திலே ஒரு சிற்பக் கண்காட்சி. ஒரே ஒரு சிற்பி, இருபதுக்கு மேற்பட்ட சிலைகள். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆகவே கூட்டமும் இல்லை!

உள்ளே கண்டதைச் சொல்கிறேன். கரடுமுரடான ஒரு கருங்கல். அதன் நெஞ்சைப் பிளந்துகொண்டு நிற்கிறது பளபளக்கும் எஃகுத் தகடு. காய்ந்து வெடித்த ஒரு மரக்கட்டை. அந்த வெடிப்பிலே உருக்கி ஊற்றிய ஈயம். ஒரு புறம் துருவேறிய இரும்பு, மறுபுறம் மெருகேறிய பித்தளை. முகம் இல்லை, கை இல்லை, கால் இல்லை. ஆணா பெண்ணா என்று அறிய வழியும் இல்லை. என்னைப்போலவே மழைக்கு ஒதுங்கியிருந்தது ஒரு குடும்பம். வத்தலக்குண்டுப் பக்கம் என்று பேச்சிலே தெரிந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர், ஒவ்வொரு சிலையாகப் பொறுமையோடு பார்த்துவிட்டு, என் வேட்டியின் கரையைக் கண்டு, விவரம் தெரிந்தவன் போலும் என்று எண்ணி, இதிலே சிலை எங்கே இருக்கிறது தம்பி என்று கேட்டார்.

கேலி அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. மேடையேறினால் இரண்டு மணி நேரம் முழங்கத் தெரிந்த எனக்கு, அந்தப் பெரியவருக்கு இரண்டு சொல் சொல்லத் தெரியவில்லை. மழை விட்டது என்று சாக்குச் சொல்லி நழுவினேன். அந்த வெட்கம் எழுத வைத்த கட்டுரை இது.

மறுநாள் காலை, தாண்டிக்குடிப் பக்கத்துத் தோழர் ஒருவர் கற்திட்டை பார்க்க அழைத்துப் போனார். மூன்று பக்கம் பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கவிழ்த்து வைத்த ஈமச் சின்னம். குள்ளர் வீடு என்று ஊரிலே சிலர் சொல்கிறார்கள். பழனிமலைத் தொடர் முழுதும் இவை சிதறிக் கிடக்கின்றன. செண்பகனூரிலே இருந்த அங்கிளேட் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரும் நியூட்டன் என்பவரும் மேடேறிக் காடேறி இவற்றை அளந்து குறித்தார்கள். 1928-ல் தொல்லியல் துறை அதை நூலாகவே வெளியிட்டது. அந்தக் கல்லிலும் முகம் இல்லை, கண் இல்லை. ஆனால் அதை நட்டவனுக்கு அது யார் என்று தெரிந்திருக்கும். கல்லுக்கு முகம் இருந்தால்தான் மனிதனைக் குறிக்கும் என்ற சட்டம் நம் பாட்டன் காலத்திலே இல்லை!

பழனிக் குன்றின்மேல் நிற்கும் உருவத்தைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. ஒன்பது பாடாணங்களைக் கூட்டிப் போகர் செய்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. ஒன்பதா, எட்டா, செய்தவர் போகரா, வேறொருவரா என்ற வழக்கிலே நான் இறங்கப் போவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்களைக் கூட்டி ஓர் உருவம் ஆக்கலாம் என்ற எண்ணம், இந்த மலையடிவாரத்து மக்களுக்குப் புதிதல்ல என்பதற்காக மட்டும் சொன்னேன்.

அந்தப் பெரியவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு மனிதனின் கதை. வங்கத்து மனிதன். முடிதிருத்தும் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ராம்கிங்கர் பெய்ஜ் என்பது பெயர்.

1906-ஆம் ஆண்டு மே திங்கள் 25-ஆம் நாள், வங்கத்தின் மேற்கே பாங்குரா நகரிலே பிறந்தார். பராமாணிக் என்பது குடும்பப் பட்டம். அந்தப் பட்டத்தைக் கேட்டதுமே இன்ன தொழில், இன்ன சாதி என்று ஊர் முடிவு கட்டிவிடும். நம் நாட்டிலும் பார்க்கிறோமே, அந்தச் சமுதாயத்தாருக்கு மருத்துவம் தெரியும், நாதசுரம் தெரியும், பிள்ளைப்பேறு பார்க்கத் தெரியும். ஊர் அவர்களுக்குக் கொடுத்த இடம் மட்டும் தெருக்கோடி! 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டிலே சாதிப் பட்டத்தை உதறுங்கள் என்று நம்மவர்கள் தீர்மானம் போட்டார்கள். வங்கத்துப் பிள்ளையை உலகம் இன்று பராமாணிக் என்று அறியவில்லை. பெய்ஜ் என்றே அறிகிறது.

வீட்டிலே கத்தியும் கிண்ணமும். தெருவிலே குயவர்களும் பொம்மை செய்வோரும். பையனின் கண் கத்திமேல் போகவில்லை, களிமண்மேல் போயிற்று. சாமி உருவம் செய்யும் கைவினைஞர்களின் பக்கத்திலே உட்கார்ந்து, வைக்கோல் கட்டுவது எப்படி, மண் பூசுவது எப்படி என்று பார்த்தான். நாடகக் கொட்டகைக்குத் திரை எழுதினான். ஒத்துழையாமை இயக்கம் கொதித்தெழுந்த நாள்களில், பதினைந்து வயதை ஒட்டிய அந்தச் சிறுவன், தலைவர்களின் உருவங்களைத் தீட்டிக் கொடுத்தான். ஊர்வலத்திலே அவை சென்றன. நமக்குத் தெரியாத வேலையா! தட்டி எழுதிக் கை பழகியவர்கள் நம் ஊர்தோறும் உண்டு. அவர்களிலே எத்தனை பேர் ராம்கிங்கர் ஆகாமலே வண்ணக் குவளையோடு முடிந்து போனார்கள் என்பதற்குக் கணக்கு யாரிடமும் கிடையாது.

இந்தப் பையன் முடிந்து போகாமல் காத்தவர் ஓர் ஏட்டாசிரியர். இதை எழுதும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது! ராமானந்த சட்டர்ஜி. மாடர்ன் ரெவ்யூ, பிரபாசி ஆகிய ஏடுகளை நடத்திய பெரியவர், அவரும் பாங்குராக்காரரே. பையனின் படங்களைக் கண்டார். சாந்திநிகேதனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். 1925-ல், பத்தொன்பது வயதிலே, தாகூரின் விசுவபாரதியிலே, கலாபவனத்திலே சேர்ந்தார் ராம்கிங்கர். கலாபவனத்துக்குத் தலைவர் நந்தலால் போஸ். கொண்டுவந்த படங்களைப் பார்த்துவிட்டு, இவனுக்குக் கற்றுக்கொடுக்க இன்னும் என்ன இருக்கிறது என்று அவர் வியந்ததாகச் சொல்வார்கள். சில ஆண்டு இருந்து போக வந்தவர், ஐம்பத்தைந்து ஆண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

தாகூர் பெருநிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. அவருடைய நிலையம் ஏழைகளின் இல்லம் அல்ல என்று நம்மிலே சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கணக்கிலே எழுதத்தான் வேண்டும். அந்த நாளிலே, வாழையடி வாழையாகச் சிற்பத் தொழில் செய்த குலத்தார் அல்லாத ஒருவன், அதிலும் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வேலைக்காரன் வீட்டுப் பிள்ளை, உளியைத் தொட்டு, மாணவனாகி, ஆசிரியனாகி, சிற்பத் துறைக்கே தலைவனாக உட்கார்ந்தது அந்த இடத்திலேதான். அளவு நூல் கேட்கவில்லை, ஆகமம் கேட்கவில்லை, கோத்திரம் கேட்கவில்லை.

சிற்பம் கற்பிக்க ஐரோப்பாவிலிருந்து அவ்வப்போது வந்தவர்கள் சிலர். மில்வார்டு என்ற அம்மையார், பிரான்சு நாட்டுப் பெருஞ்சிற்பி பூர்தெல்லின் மாணவி. அவர்களிடம் ராம்கிங்கர் நுணுக்கம் கற்றார். ஆனால் கற்றதைச் செய்ய எதிலே செய்வது? வெண்கலம் வார்க்க உலை வேண்டும், உலைக்குப் பணம் வேண்டும். சலவைக்கல் வாங்க அரண்மனை வேண்டும். இவரிடம் இருந்ததோ காலடி மண். சாந்திநிகேதனைச் சுற்றியுள்ள நிலம், மழை அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் செந்நிலம். நம் புதுக்கோட்டைச் சீமையிலே செம்புறாங்கல் என்று சொல்கிறோமே, அந்தச் செம்புறாங்கல் சரளை அங்கே கால் வைத்த இடமெல்லாம் கிடக்கும். அதை அள்ளினார். கொத்தனார் குழைக்கும் சிமெண்டை எடுத்தார். இரண்டையும் சேர்த்துக் குழைத்தார்.

கம்பியும் இரும்புத் துண்டும் வைத்து எலும்புக்கூடு கட்டுவார். அதன்மேல் கலவையைக் கையால் அள்ளி அறைவார். இறுகுவதற்கு முன்னே, வேண்டாத இடத்தைச் செதுக்கி எறிவார். தலையிலே ஓலைத் தொப்பி, வெயிலோ வெயில். மாவு போன்ற சாம்பல் நிறச் சிமெண்டு, பல்லுப் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும் சிவந்த சரளை. வழுவழுப்பும் சொரசொரப்பும் ஒரே உடம்பிலே! வீடு கட்டும் சரக்கிலே கலை செய்வதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். வீடு கட்டுகிறவனைப் பற்றிச் சிலை செய்ய வேறு எந்தச் சரக்கு பொருத்தம் என்று நான் கேட்கிறேன்.

1935-ல் சுஜாதை. யூகலிப்டசு மரங்களின் நடுவே, அந்த மரங்களைப் போலவே ஒல்லியாக, உயரமாக நடந்து வரும் பெண். புத்தருக்குப் பாயசம் கொடுத்த அந்தப் பெண்தான். முதலிலே அது வெறும் ஒரு பெண்ணின் உருவமாகத்தான் இருந்தது என்றும், நந்தலால் சொல்லித் தலையிலே கலயம் ஏறியது என்றும், மாதிரியாக நின்றவர் அங்கே படித்த சென்னைப் பெண் ஜெயா அப்பாசாமி என்றும் எழுதியிருக்கிறார்கள். பின்னாளிலே இந்தியச் சிற்பத்தைப் பற்றி எழுதிப் பேர் பெற்ற அந்த ஜெயா அப்பாசாமியேதான். வங்கத்துப் பூமியிலே நடக்கும் சுஜாதையின் நடையிலே தமிழ்நாட்டுச் சாயல் கொஞ்சம் இருக்கிறது என்று நாம் உரிமை கொண்டாடினால் தப்பில்லை!

தாகூர் அந்தச் சிலையைக் கண்டார். தன்னைக் கேளாமல் வைத்துவிட்டார்களே என்று சினங்கொள்வார் என எல்லாரும் அஞ்சினார்களாம். அவரோ ராம்கிங்கரை அழைத்து, இந்த இடம் முழுவதையும் இப்படிச் சிலைகளால் நிரப்பிவிடு என்று சொல்லி அனுப்பினாராம்.

இனிமேல்தான் கதையின் உயிர். 1938. சாந்தால் குடும்பம்!

சாந்தால் மக்கள் யார் என்று தெரிய வேண்டும். காடு திருத்தி நிலமாக்கிய பழங்குடி. நிலம் ஆனதும் நிலக்கிழாரும் வட்டிக்கடைக்காரரும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். 1855-ல் சித்து, கானு என்ற உடன்பிறப்புகளின் தலைமையிலே, வில்லும் அம்பும் ஏந்தி, கும்பினியின் துப்பாக்கிக்கு எதிரே நின்று ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் வயல் வேலை, சாலை வேலை, அரிசி ஆலை வேலை என்று ஊர் ஊராக நடந்தார்கள். சாந்திநிகேதனைச் சுற்றிலும் அவர்கள் குடிசைகள். அங்கே படிக்க வந்தவர்கள் அவர்களை ஓவியத்துக்கு ஏற்ற காட்சியாகப் பார்த்தார்கள். ராம்கிங்கர் பக்கத்து வீட்டுக்காரராகப் பார்த்தார்.

ஆள் உயரத்தை மிஞ்சிய உருவங்கள். கணவன் நடக்கிறான். தோளிலே ஒரு தடி, தடியின் இரு முனையிலும் கூடை. ஒரு கூடையிலே குழந்தை. மறு கூடையிலே தட்டுமுட்டுச் சாமான். பக்கத்திலே மனைவி, தலையிலே சுமை, இடுப்பிலே இன்னொரு பிள்ளை. கூடவே ஒரு நாய். அவ்வளவுதான். வேலை தேடி வேறிடம் போகும் ஒரு குடும்பம், இருப்பது எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, நிமிர்ந்து நடக்கிறது.

தோழரே, அந்தத் தடிக்கு நம் ஊரிலே பெயர் என்ன? காவடி! பழனிக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கிலே எடுத்துச் செல்கிறார்களே, அதே காவடி. இடும்பன் என்ற ஒருவன் இரண்டு மலைகளைத் தடியிலே கட்டித் தூக்கி வந்தான், அதிலே ஒன்றுதான் பழனிக்குன்று என்று புராணம் சொல்கிறது. மலையைச் சுமந்தவன் பாதி வழியிலே நிற்கிறான். சுமக்கப்பட்ட மலையின்மேல் ஏறி நிற்பவர் வேறொருவர். புராணத்திலும் சுமப்பவனுக்குக் கிடைக்கும் இடம் அதுதான் போலும்! வங்கத்து முடிதிருத்துவோர் மகன் அந்த ஏற்பாட்டை மாற்றினான். சுமப்பவனையே மேடையேற்றினான். மன்னன் இல்லை, மாவீரன் இல்லை, வரம் தரும் தெய்வம் இல்லை. கூலிக்காரன், அவன் மனைவி, மக்கள், நாய்.

கொடைக்கானலுக்குக் காட் ரோடு வருவதற்கு முன்னே வெள்ளைக்காரத் துரைமார்களும் துரைசானிகளும் எப்படி மலையேறினார்கள்? பெரியகுளத்துப் பக்கமிருந்து, ஒற்றையடிப் பாதையிலே, டோலியிலே உட்கார்ந்து. தூக்கியது யார்? நம்மவர்கள். ஏரியை வெட்டியவர் 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு என்று எல்லாக் குறிப்பேட்டிலும் போட்டிருக்கிறது. அவரா வெட்டினார்? கோக்கர் நடைபாதைக்குக் கோக்கர் பெயர் இருக்கிறது. டோலி தூக்கியவன், பாறை உடைத்தவன், இந்த மலையின் பழங்குடியான பளியன் ஆகியோருக்கு ஒரு கல்லாவது உண்டா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணிலே படவில்லை. வெள்ளகவி என்ற ஊருக்கு ஒற்றையடிப் பாதைதான். நூற்றாண்டு பல கடந்தும் தலைச்சுமையும் குதிரைச்சுமையுமே அதற்குச் சாலை. சாந்தால் குடும்பத்தைப் பார்க்க வங்கம் போக முடியாதவர்கள், அந்தப் பாதையிலே காலையில் நின்றால் போதும்.

நம் சென்னைக் கடற்கரையிலே உழைப்பாளர் சிலை இருக்கிறது. நான்கு தொழிலாளர்கள் பாறையைப் பெயர்க்கிறார்கள். செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, அவரும் வங்காளி, 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியின் தலைவர். சிலை நாட்டியது 1959 சனவரியிலே. நம் நாட்டு மேதினக் கூட்டங்களுக்கு அது எத்தனை பெருமை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்கு இருபத்தோரு ஆண்டு முன்னே, வெண்கலத்துக்கு வழியில்லாத ஒருவர், சரளைக் கல்லிலே தொழிலாளிக் குடும்பத்தை நிறுத்திவிட்டார். ராய் சௌத்ரியின் உழைப்பாளிகள் தசை முறுக்கேறி நிற்கும் ஆண்கள் நால்வர். ராம்கிங்கரின் உழைப்பிலே பெண் இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. எது உயர்ந்தது என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. எனக்குப் பிடித்தது எது என்று தெரிந்திருக்கும்.

இனி, அந்த வத்தலக்குண்டுப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். 1940-ல் ராம்கிங்கர் விளக்குத் தண்டு ஒன்று செய்தார். அதே சிமெண்டு, அதே சரளை. ஆனால் அதிலே ஆள் இல்லை, விலங்கு இல்லை. வளைவும், வளைவுகளுக்கு இடையே விட்ட வெளியும்தான். செடி முளைத்து எழுவது போலத் தோன்றும், செடியும் அல்ல. இந்தியாவிலே செய்யப்பட்ட முதல் அருவச் சிற்பங்களிலே ஒன்று என்று கலை வரலாறு எழுதுவோர் இதைச் சொல்கிறார்கள். காவடி சுமக்கும் கூலிக்காரனைச் செய்த அதே கை, இரண்டே ஆண்டில் எதையும் குறிக்காத உருவத்தை ஏன் செய்தது? கட்சி மாறிவிட்டதா? இல்லை. சாந்தால் குடும்பத்தை மறுபடி பாருங்கள். முன்னோக்கிச் சாயும் உடம்பு, கீழே இழுக்கும் கூடை, தள்ளாடாமல் நிமிரும் முதுகு. கனமும் நடையும்தான் அந்தச் சிலை. ஆளை எடுத்துவிட்டுக் கனத்தையும் எழுச்சியையும் மட்டும் நிறுத்தினால் விளக்குத் தண்டு. நாதசுரக்காரர் சொல்லே இல்லாமல் ஒரு மணி நேரம் இராகம் ஆலாபனை செய்கிறார். இதிலே பாட்டு எங்கே என்று யாராவது கேட்கிறோமா? கோவிலுக்கு வெளியே நின்று கேட்டவனுக்கும் அது புரிந்தது. கல்லுக்கும் இரும்புக்கும் அந்த உரிமையைக் கொடுக்க நமக்குப் பழக்கம் போதவில்லை, அவ்வளவுதான். அதற்காகக் கண்காட்சியிலே நான் கண்ட இருபதும் நல்ல சிலைகள் என்று சொல்லமாட்டேன். நாலைந்து வெறும் இரும்புக் கடைச் சரக்கு! கருங்கல்லிலே பாய்ந்த எஃகு மட்டும் இன்னும் கண்ணிலே நிற்கிறது.

தாகூரையும் அவர் செய்தார். ஒன்று, முகத்தை உடைத்து அடுக்கிய அருவத் தலை. மற்றொன்று 1941-ல், கவிஞர் மறைந்த ஆண்டில். தலை குனிந்திருக்கும், உலகப் போர் கண்ட முதுமை அந்த முகத்திலே கனத்திருக்கும். குருதேவர் என்று கும்பிட்டவர்கள், ஒளிவீசும் முனிவரை எதிர்பார்த்து வந்து, களைத்துப்போன கிழவரைக் கண்டு கலங்கினார்கள். அவர் வடித்த தாகூர் உருவம் ஒன்று அங்கேரி நாட்டிலே பாலதோன்ஃபியூரெத் என்ற ஏரிக்கரை ஊருக்கும் போயிற்று. 1926-ல் தாகூர் மருத்துவத்துக்குத் தங்கிய ஊர் அது. எதையும் புலிபோலப் பாய்ந்து பிடி, பிடித்தபின் திரும்பிப் பாராதே என்று தாகூர் அவருக்கு அறிவுரை சொன்னதாக ஒரு கதை உண்டு. திரும்பிப் பார்க்காதவர்தான். ஒரு சிலையைப் போல இன்னொன்றைச் செய்ததில்லை.

1943-ல் வங்கப் பஞ்சம். இலட்சோபலட்சம் பேர் சோறில்லாமல் செத்த ஆண்டு. அந்த ஆண்டிலே நெல்லடிக்கும் உருவம் ஒன்று செய்தார். தலை இல்லாத உருவம். அதற்கு மேல் நான் விளக்கப் போவதில்லை. காந்தியாரை நடக்கும் கோலத்திலே செய்தார். காலடியிலே ஒரு மண்டையோடு. 1956-ல் ஆலைச் சங்கு: அரிசி ஆலையின் சங்கு ஊதிவிட்டது, இரண்டு பெண்கள் ஓடுகிறார்கள், கூடவே ஒரு சிறுவன். குளித்து நனைத்த சேலையைக் காயவைக்க நேரமில்லை. ஓடும்போதே காற்றிலே பிடித்துக் காயவைக்கிறார்கள். எட்டு மணிச் சங்குக்கு ஓடிய கோவைப் பெண்களுக்கும் மதுரைப் பெண்களுக்கும் இந்தச் சிலைக்கு உரை வேண்டியதில்லை.

பிறகு தில்லி அழைத்தது. புதிய அரசுக் கட்டிடங்களிலே கலைஞர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நேருவுக்கு. ரிசர்வ் வங்கியின் தில்லிக் கட்டிட வாயிலுக்கு இயக்கன், இயக்கி இருவரும் வேண்டும் என்றார்கள். செல்வத்துக்குக் காவல் அல்லவா! இமயமலை அடிவாரத்திலே பைஜ்நாத் வரை போய்க் கல் தேடினார். கிடைத்த பாறையை அப்படியே இறக்க வழியில்லை. துண்டு துண்டாகக் கொண்டுவந்து அடுக்க வேண்டியதாயிற்று. ஐம்பதுகளின் நடுவிலே தொடங்கிய வேலை 1967-ல் முடிந்தது. இயக்கனின் கையிலே பல்சக்கரம் ஒன்றையும் பணமுடிப்பையும் கொடுத்தார். தொழில் இல்லாமல் செல்வமா என்ற கேள்வி அந்தச் சக்கரத்திலே இருக்கிறது. இயக்கியிடம் விளைபொருள். பழைய சிற்பங்களிலே உள்ளபடி இயக்கி ஆடையைப் பெரிதாக மதிக்கவில்லை. உடனே நாடாளுமன்றத்திலே கேள்வி எழுந்தது. கோயில் தூணிலே இருந்தால் கலை, வங்கி வாயிலிலே இருந்தால் குற்றம்! காலதாமதம், கணக்கு, கடிதம் என்று அந்தப் பன்னிரண்டு ஆண்டு அவரை அரைத்தெடுத்தது. பிந்திய நாளிலே இன்னொன்றும் நடந்தது: கௌகாத்திக் குன்றிலே அவர் செய்ததாகச் சொல்லப்படும் காந்தி சிலைக்குக் கை கால் அளவு சரியில்லை, எடுத்துவிட வேண்டும் என்று 2017-ல் ஆளுங்கட்சிக்காரர்கள் அளவுகோலோடு கிளம்பினார்கள். நாடெங்கும் கலைஞர்கள் கண்டித்தார்கள். அளவு பார்க்கும் ஆசை ஆள்கிறவர்களை விட்டுப் போவதில்லை.

பணம் அவரிடம் தங்கவில்லை. கூரை வீடு. மழை பெய்தால் ஒழுகும். ஒழுகும் இடத்திலே, தாம் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியங்களையே எடுத்துச் சொருகினார். துணியிலே எண்ணெய் இருக்கிறது, தண்ணீர் இறங்காது என்பது கணக்கு! இன்று அந்த ஓவியங்களிலே ஒன்றின் விலைக்கு ஒரு தெருவுக்கே ஓடு போடலாம். ராதாராணி என்ற பெண்மணி தாலி, சடங்கு எதுவும் இல்லாமல் அவரோடு வாழ்ந்தார். ஊர் வாய்க்கு அது அவல். இருவரும் ஊரைப் பொருட்படுத்தவில்லை. குடியும் உண்டு, மறைப்பானேன்? நான் எழுதுவது மனிதனின் வரலாறு.

1970-ல் பத்மபூஷண். 1971-ல் பணி ஓய்வு. 1976-ல் விசுவபாரதி தன் உயர்ந்த பட்டமான தேசிகோத்தமாவைக் கொடுத்தது. ஒரு காலத்திலே அந்த நிலையத்திலே கால் வைக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு! அதற்கு முந்திய ஆண்டிலே திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக் அவரைப் பற்றிப் படம் எடுக்கத் தொடங்கினார். முடிக்கும் முன்னே, 1976 பிப்ரவரியிலே, கட்டக் இறந்தார். பின்னர் சமரேஷ் பாசு அவர் வாழ்க்கையை நாவலாக எழுதினார். அதுவும் முடியவில்லை, 1988-ல் பாசுவும் மறைந்தார். இரண்டும் அரைகுறையாகவே நிற்கின்றன.

2012-ல் தில்லியிலே, தேசிய நவீன கலைக்கூடத்திலே, அவருடைய படைப்புகளை மட்டும் திரட்டிப் பெருங்கண்காட்சி வைத்தார்கள். திரட்டியவர் அவருடைய மாணவரான சிற்பி கே.எஸ். ராதாகிருஷ்ணன். வண்ண ஓவியங்கள், வரைபடங்கள், சிறு சிலைகள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. சாந்தால் குடும்பம் போகவில்லை. ஆலைச் சங்கும் சுஜாதையும் போகவில்லை. அடித்தளத்தோடு மண்ணிலே ஊன்றியவற்றை எப்படித் தூக்குவது? அவை நிற்கும் இடத்திலே கதவும் இல்லை, அழைப்பிதழும் இல்லை. சாந்தால் பெண்கள் வேலைக்குப் போகும் வழியிலே அவை நிற்கின்றன. 2023-ல் சாந்திநிகேதனை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ அறிவித்தது.

1980 மார்ச்சிலே நோய் முற்றிக் கல்கத்தா மருத்துவமனையிலே சேர்த்தார்கள். செலவை வங்க அரசும் விசுவபாரதியும் ஏற்றன. படுக்கையிலே கிடந்தபடி கொஞ்சம் களிமண் கேட்டு வாங்கி, சின்னதாக ஒரு துர்க்கை செய்தார். எனக்கு அந்தத் தெய்வத்திடம் வேலை இல்லை. ஆனால் பாங்குராத் தெருவிலே, குயவர் பக்கத்திலே உட்கார்ந்து, சிறுவயதிலே அந்தக் கை முதலிலே பழகிய உருவம் அது. ஆகஸ்டு 2-ஆம் நாள் இறந்தார். வயது 74.

கொடைக்கானல் கண்காட்சி முடிந்துவிட்டதாகத் தாண்டிக்குடித் தோழர் எழுதியிருக்கிறார். மற்றவற்றை வேனிலே எளிதாக ஏற்றிவிட்டார்களாம். எஃகு பாய்ந்த கருங்கல்லை மட்டும் கயிற்றிலே கட்டி, தடி கொடுத்து, ஆறு பேர் தோளிலே தூக்கிப் படியிறங்கினார்களாம். அதிலே இரண்டு பேர் வெள்ளகவிக்காரர்கள்.